ஸ்கேனில் ‘வெள்ளைப் புள்ளி’ என்று வந்தால்: வயதானவர்கள் வீட்டில் செய்ய வேண்டிய வேலைகள்

எழுபது தாண்டிய ஒருவர் தலைசுற்றுகிறது என்றோ, குளியலறையில் விழுந்துவிட்டார் என்றோ எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். ரிப்போர்ட்டின் நடுவில் ஒரு வரி இருக்கும்: ‘பெரிவென்ட்ரிகுலர் அண்ட் டீப் வைட் மேட்டர் ஹைப்பர்இன்டென்சிட்டிஸ், ஃபசேகாஸ் கிரேடு 2’. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் எடுத்தாலும், கேரள எல்லையான களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்தில் எடுத்தாலும் வரி இதேதான். அதைப் பார்த்து, பாட்டாவுக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று பதறும் வீடுகள் உண்டு. ‘வயசானா எல்லாருக்கும் வரும்’ என்று கவரை அலமாரிக்கு மேலே போட்டுவிடும் வீடுகள் அதைவிட அதிகம். பதறுவதால் பெரிய கேடில்லை. அலமாரியில் போடுவதால்தான் கேடு.

மூளையின் வெளி ஓரம் சாம்பல் நிறம். அங்கே நரம்புச் செல்கள். உள்ளே வெள்ளை நிறம். அங்கே அந்தச் செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் இழைகள், மேலே மயலின் என்ற கொழுப்பு உறையோடு. இந்த உள்பகுதிக்கு ரத்தம் வருவது நீளமான, மில்லிமீட்டரில் சிறு பங்கே அகலமுள்ள குழாய்கள் வழியாக. ஒன்று அடைத்தால் பக்கத்துக் குழாய் கைகொடுக்காது. கால்வாயில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதானே, அதே கதைதான். பல வருடப் பிரஷரில் குழாயின் சுவர் தடித்து, உள்வழி குறுகி, சுவரில் கசிவும் வருகிறது. உறை தேய்கிறது, இழை மெலிகிறது, அந்த இடத்தில் நீர் கோக்கிறது. ஃபிளேர் என்ற வகைப் படத்தில் அது வெள்ளையாக மின்னும்.

ஆஸ்திரிய நரம்பியல் மருத்துவர் ஃபசேகாஸும் அவர் குழுவினரும் 1987இல் கொடுத்த அளவுகோல்தான் இன்றும் ரிப்போர்ட்டில் வருவது. 0 என்றால் ஒன்றுமில்லை. 1 என்றால் அங்கங்கே பொட்டு. 2 என்றால் பொட்டுகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கிவிட்டன. 3 என்றால் பெரிய திட்டாகவே ஆகிவிட்டது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வில் 60 முதல் 90 வயதுக்காரர்களைப் படமெடுத்தபோது, ஒரு பொட்டுகூட இல்லாதவர்கள் 20 பேரில் ஒருவர்தான். ஆக எண்பது வயதில் கிரேடு 1 செய்தியே அல்ல. கிரேடு 2 எச்சரிக்கை. கிரேடு 3 வந்தவரிடம் நடையும் யோசனையும் எப்படி இருக்கின்றன என்று உடனே பார்த்தாக வேண்டும். 55 வயதுக்குள் கிரேடு 3 வந்தாலோ, குடும்பத்தில் பலருக்கு இளவயதிலேயே பக்கவாதம் வந்திருந்தாலோ கதை வேறு. பரம்பரை வியாதி உட்பட வேறு காரணங்களை நரம்பியல் மருத்துவர் தேட வேண்டும்.

இந்த வெள்ளைத் திட்டுகளுக்கும் டிமென்ஷியா என்ற மறதி நோய்க்கும் எவ்வளவு சம்பந்தம்? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010இல் வெளியான தொகுப்பின்படி, திட்டுகள் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்கு, டிமென்ஷியா ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டு மடங்கு என்பது ‘வந்தே தீரும்’ என்பதல்ல. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக லாசி-டாட் ஆய்வு சொல்கிறது. பெரும்பாலான முதியவர்களிடம் அல்சைமரும் ரத்தக்குழாய்ப் பாதிப்பும் கலந்தே இருக்கின்றன. அந்தக் கலவையில் நம் கைக்கு எட்டுவது ரத்தக்குழாய்ப் பங்கு.

ரிப்போர்ட்டில் வேறு மூன்று சொற்களையும் தேடுங்கள். ‘லாக்யூனார் இன்ஃபார்க்ட்’ என்றால் 3 முதல் 15 மில்லிமீட்டர் வரையுள்ள சிறு பக்கவாதத்தின் தழும்பு; ஆள் உணராமலே வந்து போயிருக்கலாம். ‘மைக்ரோபிளீட்ஸ்’ என்றால் பொடிப்பொடியான பழைய ரத்தக்கசிவு. ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை எழுதுகிறவர் இதைத் தெரிந்துகொண்டே எழுத வேண்டும். எஸ்.டபிள்யூ.ஐ. என்ற வகைப் படம் எடுத்தால்தான் இது தெளிவாகத் தெரியும். ‘மீடியல் டெம்போரல் அட்ரஃபி’ என்றால் நினைவுக்கான பகுதி சுருங்கியிருக்கிறது. அது அல்சைமர் பக்கம் கை காட்டும். சி.டி. ஸ்கேனில் இவற்றில் பாதி தெரியாது. பிலிம் மட்டும் வாங்காமல் படங்கள் உள்ள குறுந்தட்டையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஊர் டாக்டர் தன் கணினியில் போட்டுப் பார்ப்பார். புதுத் தொந்தரவு இல்லாமல் வருடா வருடம் ஸ்கேன் எடுப்பது வீண் செலவு. அந்தப் பணத்தில் பாதிக்கும் குறைவான விலைக்கு நல்ல பி.பி. மெஷின் கிடைக்கும்.

ஒரு வாரம் பிரஷர் எடுப்பது

எல்லாவற்றிலும் முதல் வேலை இது. அமெரிக்காவில் ஸ்பிரின்ட் என்ற சோதனையில் 9,361 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மேல் பிரஷரை 120க்குக் கீழும், மற்றதற்கு 140க்குக் கீழும் வைத்தார்கள். 2019இல் வந்த முடிவில், கடுமையாகக் கட்டுப்படுத்திய பிரிவில் லேசான மறதிக் குறைபாடு 19 சதவீதம் குறைந்தது. ஏறக்குறைய நான்கு வருடத்தில் வெள்ளைத் திட்டு அந்தப் பிரிவில் 0.92 மில்லிலிட்டர் கூடியது, மற்றதில் 1.45 மில்லிலிட்டர். டிமென்ஷியாவும் குறைந்த மாதிரி தெரிந்தது, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. அந்த உறுதி 2025இல் சீனாவிலிருந்து வந்தது: 326 கிராமங்களில் 33,995 பேருக்கு, கிராம வைத்தியர்களே மாத்திரையை ஏற்றி இறக்கிப் பிரஷரை அடக்கியதில், நான்கு வருடத்தில் டிமென்ஷியா 15 சதவீதம் குறைந்தது. பெரிய ஆஸ்பத்திரி எதுவும் இல்லாமல் நடந்தது அது. தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை வருகிறது, ஒரு வாரம் தினமும் அளப்பதுதான் வருவதில்லை. அதை வீட்டில் உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

மேல்கையில் கட்டும் மெஷின் வாங்குங்கள்; மணிக்கட்டு மெஷின் வேண்டாம். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை அளந்து, அது பட்டையில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள் வருகிறதா பாருங்கள். சாதாரணப் பட்டை 22 முதல் 32 செ.மீ. வரைக்குத்தான். தடித்த கையில் சின்னப் பட்டை போட்டால் இல்லாத பிரஷர் இருப்பதாகக் காட்டும்.

காலை எழுந்து, சிறுநீர் கழித்த பிறகு, மாத்திரைக்கும் கட்டன் சாயாவுக்கும் முன்பு எடுக்க வேண்டும். இதில்தான் பலர் தவறுகிறார்கள்: விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து சாயா குடித்து, ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களைப் பார்த்துவிட்டு வந்து எட்டு மணிக்கு மெஷினைத் தேடுவார்கள். சாயா, பீடி, வெற்றிலையோடு போயிலை எதுவானாலும் அரை மணி நேரம் தள்ளியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்த நாற்காலி, இரண்டு பாதமும் தரையில், கால்மேல் கால் கூடாது. ஐந்து நிமிடம் சும்மா இருக்கட்டும். கை மேசைமேல், பட்டை நெஞ்சு உயரத்தில். சட்டைக்கு மேலே கட்டக் கூடாது. சட்டைக் கையை இறுக்கிச் சுருட்டி அதற்குக் கீழே கட்டுவதும் தப்பு. அளக்கும்போது பேச்சு கொடுக்கக் கூடாது. பேசினாலோ, கையைத் தொங்கவிட்டாலோ, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு இருந்தாலோ பத்துப் புள்ளி வரை ஏறும். இரண்டு தடவை, இடையில் ஒரு நிமிடம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பு மறுபடி இரண்டு தடவை.

இப்படி ஏழு நாள் எடுத்தால் 28 அளவு வரும். முதல் நாளின் நான்கையும் அடித்துவிட்டு மீதி 24ஐக் கூட்டி 24ஆல் வகுங்கள். சராசரி 135க்கு மேலோ, கீழ் எண் 85க்கு மேலோ இருந்தால் பிரஷர் அடங்கவில்லை. ‘போன மாசம் ஆஸ்பத்திரியில 130 தான் இருந்துது’ என்பது இதற்கு ஈடாகாது. எவ்வளவுக்கு இறக்க வேண்டும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஸ்பிரின்டில் சொன்ன 120 என்பது தனியாக உட்காரவைத்து மெஷினே எடுத்த அளவு, நெரிசலான ஓ.பி.யில் எடுக்கும் 120 அல்ல. அந்தச் சோதனையில் சுகர்காரர்களையும், முன்பு பக்கவாதம் வந்தவர்களையும் சேர்க்கவும் இல்லை. மெஷினில் இதயப் படத்தோடு ஒழுங்கற்ற துடிப்புக்கான குறி திரும்பத் திரும்ப வந்தால் ஈ.சி.ஜி. எடுங்கள். இதயத் துடிப்புக் கோளாறால் ரத்தக்கட்டி உருவாகி மூளைக்குப் போவதும் உண்டு.

நின்றால் இறங்குகிறதா?

பிரஷரை இறக்கும்போது கெட்டுப்போவது இங்கேதான். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு அளவு. எழுப்பி நிறுத்தி ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று. நிற்கும்போதும் கையை உயரமான மேசையிலோ, ஓர் ஆளின் தோளிலோ தாங்கவையுங்கள். பின்னால் நாற்காலி கட்டாயம். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், டாக்டரிடம் அதை எழுதிக் காட்டுங்கள். புரோஸ்டேட்டுக்காகச் சாப்பிடும் டாம்சுலோசின், தூக்க மாத்திரை, கோடையில் நீர்ச்சத்துக் குறைவு ஆகியவை இதற்கு வழக்கமான காரணங்கள். பிரஷர் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது தீர்வல்ல. எதை, எந்த நேரத்துக்கு மாற்றுவது என்பதுதான் கேள்வி.

மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

எல்லையோர ஊர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. குழித்துறையில் ஒரு டாக்டர், நெய்யாற்றின்கரையில் மகள் வீட்டுப் பக்கம் ஒரு டாக்டர், நடுவில் ஒரு வைத்தியசாலை. இரண்டு டாக்டரும் அம்லோடிபின் எழுதியிருப்பார்கள், வேறு வேறு கம்பெனிப் பெயரில். பாட்டி இரண்டையும் சாப்பிடுவார். கால் வீங்கும், எழுந்தால் கண் இருட்டும். அட்டையில் பெரிய எழுத்தைப் பார்க்காமல், அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டு அட்டையில் இருந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மூட்டுவலிக்கு வாங்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென் எல்லாம் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சளி மாத்திரையில் உள்ள குளோர்பெனிரமின், கை நடுக்கத்துக்கான டிரைஹெக்ஸிபெனிடில், தூக்கத்துக்கான அல்பிரசோலம், டயசிபாம் போன்றவை முதியவர்களின் புத்தியை நேரடியாக மங்கவைக்கும். ‘மறதி’ என்று வருகிறவர்களில் சிலருக்கு இதை நிறுத்தினாலே தெளிவு வரும். ஆனால் பல வருடம் தின்ற தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மெதுவாக இறக்க டாக்டர் வழி சொல்வார். கஷாயத்தில் அதிமதுரம் அதிகம் இருந்தால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அரிஷ்டத்தில் ஆல்கஹால் உண்டு. சாப்பிடுவதை மறைக்காமல் சொல்லுங்கள், போதும்.

வெள்ளைத் திட்டு இருக்கிறதே என்று தாமாக ஆஸ்பிரின் தொடங்காதீர்கள். பக்கவாதமோ, இதய அடைப்போ வராதவருக்கு அதனால் டிமென்ஷியா தடுக்கப்படுவதில்லை. 2018இல் வெளியான ஆஸ்பிரீ சோதனையில் ரத்தக்கசிவுதான் கூடியது. ஜின்கோ கேப்சூலும் அப்படியே: மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தினம் 240 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த சோதனை 2008இல் முடிந்தது, டிமென்ஷியா குறையவில்லை. ‘மூளை டானிக்’ என்று விற்பதையெல்லாம் தனித்தனியாகச் சொல்லி இடத்தை நிரப்ப வேண்டியதில்லை.

உப்பு: பாக்கெட்டை வைத்துக் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். நான்கு பேர் வீட்டில் தினம் 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். வாங்கிய தேதியை பாக்கெட்டில் பேனாவால் எழுதிவையுங்கள். முப்பது நாளில் தீர்ந்தால் தினம் 33 கிராம் போகிறது என்று அர்த்தம். இதில் வெளியிலிருந்து வரும் கருவாடு, ஊறுகாய், மிக்சர், பப்படம் சேரவில்லை. பப்படத்தில் உப்போடு அப்பளக்காரமும் உண்டு, அதுவும் சோடியமே. இந்துப்பு, கல் உப்பு என்று மாற்றுவதால் ஒன்றும் குறையாது. இரண்டிலும் இருப்பது அதே சோடியம் குளோரைடு.

உப்பு ஒளிந்திருப்பது பழங்கஞ்சியில். கஞ்சியில் கைப்பிடியாக அள்ளிப் போடுவது, தொட்டுக்கொள்ள உப்பு மாங்காய், சுட்ட கருவாடு. ஒரு வேளையிலேயே அன்றைய அளவு தாண்டிவிடும். கஞ்சிக்கு உப்பு வேண்டாம், தொடுகறியில் உள்ளதே போதும். கருவாட்டுக்குப் பதில் பச்சைச் சாளையைக் குடம்புளி போட்டு வைத்தால் புளிப்பு உப்பின் குறையை மறைக்கும். மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, அவிக்கும் தண்ணீரில் போடும் உப்பைப் பாதியாக்கினால் இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும். பொட்டாசியம் கலந்த ‘லோ சோடியம்’ உப்பு சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், டெல்மிசார்டன், எனலாபிரில் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்தாகலாம். கேட்காமல் வாங்க வேண்டாம். பெயர் ‘தயசைட்’ என்று முடியும் நீர் மாத்திரை சாப்பிடும் ஒருவர் திடீரென்று உளறினால் ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம். உப்பைக் கூட்டுவதை விட்டு, ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.

மறதியைவிட நடையைப் பாருங்கள்

ரத்தக்குழாய்ப் பாதிப்பில் மறதி பெரும்பாலும் முதலில் வராது. யோசனை மெதுவாகும், திட்டமிடுதல் குலையும், ஆர்வம் வடியும். கால் தரையில் ஒட்டிய மாதிரி, சின்னச் சின்ன அடியாக, அகட்டி வைத்து நடப்பார்கள். மூத்திரம் வந்தால் அடக்க முடியாது. அவர் சோம்பேறியாகிவிட்டார் என்று வீட்டில் திட்டுவார்கள்.

நாற்காலியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளித் தரையில் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். கையூன்றாமல் எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை போய்த் திரும்பி வந்து உட்காரச் சொல்லி, போனில் நேரம் எடுங்கள். 12 நொடிக்கு மேல் ஆனால் விழும் ஆபத்து உண்டு. அடுத்த தடவை நடந்துகொண்டே காய்கறிப் பெயர்களைச் சொல்லச் சொல்லுங்கள். பேச நின்றுவிட்டாலோ, நேரம் வெகுவாகக் கூடினாலோ குறித்துவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே நாற்காலி, அதே செருப்பு.

புத்திக்கு வீட்டில் கணக்குப் போட்டுச் சோதிப்பதைவிட அன்றாட வேலையே நல்ல சோதனை. சந்தைக்கு அனுப்பி மூன்று சாமான் வாங்கி மிச்சக் காசோடு வரச் சொல்லுங்கள். வந்ததும் ‘பாட்டா, என்ன வாங்குனிய? எவ்வளவு குடுத்திய?’ என்று கேளுங்கள். சாமானை மறந்து, நினைவூட்டினால் ‘ஆமா, சொன்னாய்’ என்பவர் ஒரு வகை. ‘நீ சொல்லவே இல்லையே’ என்பவர் இன்னொரு வகை. இதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

டாக்டர் எடுக்கும் சோதனைக்குப் போகும்போது மொழியைக் கவனியுங்கள். 1956 நவம்பர் 1க்கு முன்பு இந்தக் கன்னியாகுமரி மாவட்டப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. எண்பதை நெருங்கும் பலர் அரிச்சுவடியை மலையாளத்தில் படித்தவர்கள், வாழ்ந்தது தமிழில். எழுதச் சொல்லும் கேள்விக்கு மலையாளமும், பேசும் கேள்விக்குத் தமிழும் கைவரும். திருவனந்தபுரத்தில் மலையாளத்திலேயே கேட்டால் மார்க் குறையும், இங்கே தமிழில் எழுதச் சொன்னாலும் குறையும். ‘இது என்ன வருஷம்?’ என்று கேட்டால் மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு பதிலாக வரலாம். 2025 ஆகஸ்ட் நடுவில் பிறந்தது 1201ஆம் ஆண்டு; அந்தக் கணக்குக்குப் பொருந்தினால் பதில் சரி. எத்தனாம் வகுப்பு, எந்த மொழி, காது கேட்குமா, கண்ணாடி உண்டா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். காது கேட்காதவருக்கு எடுக்கும் மறதிச் சோதனை காதுச் சோதனைதான்.

அதே நாளில் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனை: பி12, தைராய்டு, சோடியம், சுகர், சிறுநீரகம், ஹீமோகுளோபின். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது சகஜம். நடை, மூத்திரம், மறதி மூன்றும் சேர்ந்து வந்தால் மூளையில் நீர் கோக்கும் என்.பி.எச். என்பதையும் கேளுங்கள், அதற்கு அறுவை சிகிச்சை உண்டு. விழுந்து சில வாரம் கழித்துத் தலைவலியும் மந்தமும் வந்தால் மண்டைக்குள் மெதுவாகத் தேங்கும் ரத்தமாக இருக்கலாம்.

லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் டிமென்ஷியாவுக்கு, நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது. அதில் காது, கண், தனிமை, மனச்சோர்வு, புகை, மது, கெட்ட கொழுப்பு, சுகர் எல்லாம் உண்டு. சுகரை இறக்குவதில் முதியவர்களுக்குத் தாழ்சுகர்தான் பெரிய பகை, கடுமையாகப் பிடிக்க வேண்டாம். நடை வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாத வேகத்தில். கூடவே வாரம் மூன்று நாள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து நொடி. மழைக்காலத்தில் பாசி பிடித்த முற்றத்தில் வேண்டாம், வராந்தாவில் போதும்.

முகம் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் 108ஐ அழையுங்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் அதே எண்தான். பிரஷர் அதிகம் என்று வீட்டிலேயே நாக்கின் அடியில் மாத்திரை வைக்காதீர்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அந்தக் கணக்கு தொடங்குவது அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. காலை ஆறு மணிக்குப் பார்த்தோம் என்று சொன்னால் போதாது. ராத்திரி பத்து மணிக்கு எழுந்து தண்ணீர் கேட்டாரா, இரண்டு மணிக்குக் கழிவறைக்குத் தானே போய் வந்தாரா என்று பக்கத்தில் படுத்தவரிடம் கேட்டு, கிளம்பும்போதே நேரத்தைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள்.